தறி ஓடும் ஊரில் ஒரு கேள்வி: "கம்ப்யூட்டர் குரூப் கிடைக்குமா?"

அருப்புக்கோட்டைச் சீமையில் ஆண்டுதோறும் இரண்டு காத்திருப்பு உண்டு.

ஒன்று மழைக்கு. ஐப்பசியில் வானம் கறுக்குமா, கரிசல் நனையுமா என்று காட்டுக்காரர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள். மற்றொன்று பத்தாம் வகுப்புப் பரீட்சை முடிவுக்கு. இது கோடையில் வரும்.

மழை பொய்த்தால் ஒரு வருஷம் கெடும். அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம். பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளை பொருந்தாத பாடத்தில் சேர்ந்துவிட்டால், கெடுவது ஒரு வருஷத்தோடு நிற்காது.

முடிவு வந்த கையோடு பள்ளிக்கூட வாசலில் கூட்டம் கூடிவிடும். தறியை நிறுத்திவிட்டு வந்தவர் இருப்பார். நூல் மில்லில் இரவு ஷிப்டு முடித்து, தூங்காமல் வந்தவர் இருப்பார். விடியலில் மல்லிகை எடுத்துப் போட்டுவிட்டு, அந்தச் சேலையோடு வந்த தாய் இருப்பாள். திருச்சுழிப் பக்கத்தில் இருந்து பஸ் ஏறி வந்தவர்களும் உண்டு. சீமைக்கருவேல் வெட்டி, கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் அந்தப் பக்கத்தில் ஏராளம்.

வேலை வேறு வேறு. ஆனால் எல்லோருடைய வாயிலும் ஒரே கேள்விதான்.

"கம்ப்யூட்டர் குரூப் கிடைக்குமா சார்?"

"எதுக்கும்மா கம்ப்யூட்டர் குரூப்பு?"

"பிள்ளையை கம்ப்யூட்டர் இஞ்சினீயருக்குப் படிக்க வைக்கணும் சார். இதுல சேர்த்தாத்தானே அது கிடைக்கும்?"

அங்கேதான் சிக்கல்! கல்லூரியில் கம்ப்யூட்டர் இஞ்சினீயரிங் சேர, பிளஸ் டூவில் கம்ப்யூட்டர் பாடம் படித்திருக்க வேண்டும் என்று கட்டாயமே கிடையாது. ஊரில் பாதிப் பேருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் எடுத்துச் சொல்வதில்லை.

மார்க்குக்குப் பஞ்சமில்லை

விருதுநகர் மாவட்டம் 1985-ல் பிறந்தது. அதற்கு முன்பு இது பழைய ராமநாதபுரம் ஜில்லாவில் ஒரு பகுதி. தண்ணீர் இல்லாத ஜில்லா என்று அதிகாரிகள் முகம் சுளித்த ஜில்லா. ஆனால் படிப்பில் இந்தச் சீமைப் பிள்ளைகளை யாரும் குறை சொல்ல முடியாது. பிளஸ் டூ தேர்ச்சி விகிதத்தில் 2018-ல் தமிழ்நாட்டிலேயே முதல் இடம் விருதுநகர் மாவட்டத்துக்கு. 2023-லும் முதல் இடம். அந்த ஆண்டு பரீட்சை எழுதிய 100 பேரில் ஏறக்குறைய 98 பேர் பாஸ்!

ஆகவே இங்கே பிள்ளைகளுக்கு மூளையும் உண்டு, உழைப்பும் உண்டு. குறைச்சல் ஒன்றில்தான். எந்தப் படிப்புக்கு எந்த வாசல் என்று வழி காட்ட வீட்டில் ஆள் இல்லை. அப்பா எட்டாவதோடு தறிக்குப் போனவர். அம்மா ஐந்தாவதோடு பூக்கட்டப் போனவள். பக்கத்து வீட்டு மாமா சொல்வதுதான் வேதவாக்கு. அந்த மாமாவுக்கு யார் சொன்னார்கள்?

200-க்கு எவ்வளவு?

தமிழ்நாட்டில் இஞ்சினீயரிங் சேர நுழைவுத் தேர்வு கிடையாது. முன்பு இருந்தது. 1984-ல் வந்தது. கிராமத்துப் பிள்ளைகளை அது மிகவும் வாட்டியது. பட்டணத்தில் பணம் கட்டித் தனிப் பயிற்சி பெற்றவர்கள் முந்திக்கொண்டார்கள். 2007-ல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது பிளஸ் டூ மார்க்குதான் எல்லாம்.

அந்த மார்க்கை எப்படிக் கூட்டுகிறார்கள்? இதை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

கணக்கு 100-க்கு எவ்வளவோ, அது முழுதாக. இயற்பியலில் வாங்கியதில் பாதி. வேதியியலில் வாங்கியதில் பாதி. மூன்றையும் கூட்டினால் 200-க்கு ஒரு எண் வரும். இதற்குத்தான் "கட்-ஆப்" என்று பெயர்.

ஒரு பிள்ளை கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 80 வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 92-உம் 42-உம் 40-உம் சேர்ந்து 174.

இன்னொரு பிள்ளை. இயற்பியல், வேதியியல் அதே மார்க்கு. கணக்கில் மட்டும் 78. ஆனால் கம்ப்யூட்டர் பாடத்தில் 100-க்கு 100! ஊரே மெச்சுகிறது. கட்-ஆப் எவ்வளவு? 78-உம் 42-உம் 40-உம் சேர்ந்து 160. அந்த 100-க்கு 100 இந்தக் கூட்டலில் எங்குமே வரவில்லை!

14 மார்க்கு வித்தியாசம். இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே ஆயிரக்கணக்கான பேர் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். கட்-ஆப் சமமாக வந்தாலும், யாருக்குக் கணக்கில் அதிகம் என்றுதான் முதலில் பார்ப்பார்கள்.

எனவே கம்ப்யூட்டர் இஞ்சினீயர் ஆக வேண்டுமா? வாசல் கணக்கு. கணக்கை விட்டுவிட்டு கம்ப்யூட்டரைப் பிடிப்பது, பாவை விட்டுவிட்டு ஊடையைப் பிடிக்கிற மாதிரி!

உயிரியலோடு சேர்ந்த கணக்குக் குரூப்பிலும் இதே மூன்று பாடம் உண்டு. அதில் படித்தாலும் கம்ப்யூட்டர் இஞ்சினீயரிங் சேரலாம். டாக்டர் படிப்புக்குப் போட்டியிடும் வழியும் திறந்திருக்கும். ஆனால் சுமை அதிகம். உயிரியலில் படம் போடவே பிடிக்காத பிள்ளையை அதில் தள்ளினால், அந்த வெறுப்பு கணக்கையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். எந்தப் பிள்ளைக்கு எது என்பது அந்தப் பிள்ளையின் ஒன்பதாம் வகுப்பு, பத்தாம் வகுப்பு நோட்டைப் புரட்டினாலே ஓரளவு தெரிந்துவிடும்.

அப்படியானால் பிளஸ் ஒன்னில் கம்ப்யூட்டர் பாடம் எடுப்பது வீணா? வீண் இல்லை. கல்லூரிக்குப் போன முதல் மாதத்தில் அதன் அருமை தெரியும். மற்றவர்கள் விழிக்கும்போது இந்தப் பிள்ளை விழிக்காது. ஆனால் அது உள்ளே போனபிறகு உதவுவது. உள்ளே விடுவது வேறு.

பெயர் ஒன்று, வழி மூன்று

இன்னொரு ஏமாற்றமும் உண்டு. "கம்ப்யூட்டர்" என்ற பெயர் பல குரூப்பில் வருகிறது.

கணக்கு, இயற்பியல், வேதியியலோடு வருவது கணினி அறிவியல். வணிகவியல், கணக்குப்பதிவியலோடு வருவது கணினிப் பயன்பாடுகள். தொழிற்பிரிவில் வருவது கணினித் தொழில்நுட்பம். மூன்றுக்கும் புத்தகமே வேறு.

வணிகவியல் குரூப்பில் சேர்ந்த பிள்ளைக்கு பி.காம்., பி.சி.ஏ. போன்ற வழிகள் உண்டு. ஆடிட்டர் ஆகலாம். குறைவான வழி அல்ல அது. ஆனால் அங்கே இருந்து பி.இ.க்குப் போக முடியாது. இரண்டு வருஷம் கழித்து, கவுன்சிலிங் சமயத்தில் இது தெரிந்து அழும் தாய்மார்கள் உண்டு. "கம்ப்யூட்டர்னுதானே போட்டிருந்துச்சு!" என்பார்கள். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடும் முன், அந்தக் குரூப்பில் உள்ள நாலு பாடத்தையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். கணக்கு அதில் இருக்கிறதா? இயற்பியல் இருக்கிறதா? அவ்வளவுதான் விஷயம்.

ஓட்டை போட்ட அட்டை!

"கம்ப்யூட்டர் எங்களுக்கு என்ன தெரியும், நாங்க தறிக்காரங்க" என்று அருப்புக்கோட்டையில் யாராவது சொன்னால், அவர் தன் பெருமை தெரியாமல் பேசுகிறார் என்று அர்த்தம். கம்ப்யூட்டருக்கு முன்னோடியே தறிதான்!

சேலைக் கரையில் பூவும் மாங்காயும் போடும் தறியின் மேலே ஒரு பெட்டி இருக்கும். ஜக்கார்டு பெட்டி. அதில் அட்டைகள் மாலை மாதிரி கோத்துத் தொங்கும். ஒவ்வொரு அட்டையிலும் சிறு சிறு ஓட்டைகள்.

நெசவாளி மிதியை மிதித்ததும் ஓர் அட்டை முன்னுக்கு வரும். ஓட்டை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே நுழையும். அதற்குரிய கொக்கி மேலே ஏறும். பாவு நூல் தூக்கும். ஓட்டை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும். அந்த நூல் கிடந்த இடத்தில் கிடக்கும். தூக்கிய நூலுக்கு அடியில் நாடா பாய்கிறது. அடுத்த மிதி, அடுத்த அட்டை. இப்படி நூற்றுக்கணக்கான அட்டை போனால் ஒரு பூ மலர்ந்துவிடும்.

ஓட்டை உண்டு. ஓட்டை இல்லை. இரண்டே பேச்சு. கம்ப்யூட்டருக்குத் தெரிந்ததும் இந்த இரண்டே பேச்சுதான். உண்டு என்றால் ஒன்று. இல்லை என்றால் பூஜ்யம். எழுத்து, படம், பாட்டு, பணம் எல்லாவற்றையும் அது இந்த இரண்டாலேயே எழுதி வைத்துக்கொள்கிறது.

இந்தப் பெட்டியைப் பிரான்சு நாட்டு லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜக்கார்டு என்பவர் 1804-ல் முன்னோர் செய்ததைத் திருத்தி அமைத்தார். அவருடைய உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அந்த ஒரு படத்துக்கு 24 ஆயிரம் அட்டை!

அந்தப் பட்டுப் படம் ஒன்று இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் என்ற கணித மேதையின் வீட்டில் இருந்தது. அவர் யோசித்தார். அட்டை சொல்கிறபடி தறி பூ நெய்கிறது. அட்டை சொல்கிறபடி ஓர் எந்திரம் கணக்குப் போடாதா? 1837 வாக்கில் அப்படி ஓர் எந்திரத்துக்குத் திட்டம் வரைந்தார். கட்டி முடிக்க அவரால் முடியவில்லை. ஆனால் அதற்கு எப்படிக் கட்டளை எழுதுவது என்று 1843-ல் ஒரு பெண்மணி விளக்கி எழுதினார். அவர் பெயர் ஏடா லவ்லேஸ். அவரும் அந்த எந்திரத்தை ஜக்கார்டு தறியோடு ஒப்பிட்டுத்தான் எழுதினார்.

1890-ல் அமெரிக்காவில் மக்கள்தொகைக் கணக்கு எடுத்தபோது, ஹாலரித் என்பவர் ஓட்டை போட்ட அட்டைகளை வைத்து எந்திரத்தால் எண்ணினார். அவர் தொடங்கிய கம்பெனி வேறு கம்பெனிகளோடு சேர்ந்து, 1924-ல் ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது. கம்ப்யூட்டர் வந்த பிறகும் பல காலம் அட்டையில்தான் கட்டளை கொடுத்தார்கள்.

நெசவாளி வீட்டுப் பெண் ஒருத்தி பிளஸ் ஒன் கணினி அறிவியல் புத்தகத்தைத் திறக்கிறாள். இரண்டடிமான எண்கள் என்று ஒரு பாடம். ஒன்றும் பூஜ்யமுமாய் வரிசை. அவளுக்கு இது புதிது அல்ல. மேலே நிமிர்ந்தால் தொங்குகிறது!

இங்கிலீஷ் வராதே?

இது அடுத்த பயம். தமிழ் வழியில் படிக்கும் பிள்ளைக்கு கம்ப்யூட்டர் வருமா?

கணினி அறிவியல் பாடப்புத்தகம் தமிழிலேயே இருக்கிறது. 2018-ல் பாடத்திட்டம் மாறியபோது புத்தகமும் மாறியது. பிளஸ் ஒன்னில் சி பிளஸ் பிளஸ், பிளஸ் டூவில் பைத்தான் என்ற நிரல் மொழிகள் வந்தன. நிரல் என்றால் எந்திரத்துக்கு எழுதும் கட்டளை வரிசை. விளக்கம் தமிழில். கட்டளை மட்டும் இங்கிலீஷ் எழுத்தில்.

ஆனால் எத்தனை சொல் தெரிய வேண்டும்? பைத்தானில் தனக்கென்று ஒதுக்கிக்கொண்ட சொற்கள் மொத்தமே 35! இஃப், வைல், ஃபார் என்று சின்னச் சின்னச் சொற்கள். ஒரு மளிகைக் கடைச் சீட்டுக்கு மேலே போகாது. கஷ்டம் சொல்லில் இல்லை. எதற்குப் பின் எது என்று வரிசையாக யோசிப்பதில் இருக்கிறது. அதற்குத் தாய்மொழியே போதும்.

கல்லூரியில் நிலைமை வேறு என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அங்கே பாடம் பெரும்பாலும் இங்கிலீஷில். அண்ணா பல்கலைக்கழகம் 2010-ல் சிவில், மெக்கானிக்கல் இரண்டையும் தமிழிலேயே படிக்க வழி செய்தது. கம்ப்யூட்டர் அந்த இரண்டில் இல்லை. அதனால் பிளஸ் டூ முடிந்து கல்லூரி திறக்கும்வரை உள்ள மாதங்களை வீணாக்காமல், கணக்கு, இயற்பியல் இரண்டுக்கும் இங்கிலீஷ் புத்தகத்தை வாங்கித் தமிழ்ப் புத்தகத்தோடு பக்கத்தில் வைத்துப் படித்த பிள்ளைகள் தப்பித்துக்கொள்கிறார்கள். தெரிந்த பாடம் என்பதால் மொழி மட்டும்தான் புதிது.

அந்தக் காலத்து ஹைஸ்கூல் இஞ்சினீயரிங்

பள்ளிக்கூடத்திலேயே இஞ்சினீயரிங் சொல்லிக் கொடுப்பது இன்று நேற்று வந்த யோசனை அல்ல. 1948-ல் சென்னை மாகாணத்தில் ஹைஸ்கூல் படிப்பைத் திருத்தி அமைத்தார்கள். பொதுப் படிப்போடு, சில பள்ளிகளில் இஞ்சினீயரிங், நெசவு, விவசாயம், அலுவலக வேலை என்று தனிப் பிரிவுகள் வைத்தார்கள். அப்போது எஸ்.எஸ்.எல்.சி. என்றால் பதினோராவது. ஹைஸ்கூல் பையன் அரமும் உளியும் பிடித்துப் பழகினான்.

1952-ல் மத்திய அரசாங்கம் டாக்டர் ஏ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் ஒரு கமிஷன் போட்டது. சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு 27 ஆண்டுகள் துணைவேந்தராக இருந்தவர் அவர். எல்லாப் பிள்ளைகளையும் ஒரே தொழுவில் அடைக்காதீர்கள், பல பிரிவுகள் உள்ள பலநோக்குப் பள்ளிகளைத் திறங்கள் என்று அந்தக் கமிஷன் சொன்னது.

இஞ்சினீயரிங் கல்லூரியோ எட்டாத தூரத்தில் இருந்தது. கிண்டி கல்லூரி 1794-ல் சர்வே பள்ளியாகத் தொடங்கியது. அருப்புக்கோட்டைப் பையனுக்கு அது வேறு தேசம். 1952-ல் அழகப்பச் செட்டியார் காரைக்குடியில் கல்லூரி திறந்தார். 1957-ல் மில் அதிபர் கருமுத்து தியாகராசச் செட்டியார் மதுரையில் திறந்தார். அப்போதுதான் இந்தச் சீமைக்குக் கொஞ்சம் கிட்டத்தில் வந்தது. 1984-க்குப் பிறகு தனியார் கல்லூரிகள் பெருகின. சிவகாசியில் வந்தது. கிருஷ்ணன்கோவிலில் வந்தது. பிறகு அருப்புக்கோட்டையிலேயே வந்துவிட்டது.

இடையில் 1978-ல் ஒரு பெரிய மாறுதல். அதுவரை எஸ்.எஸ்.எல்.சி. முடித்தால் பி.யு.சி. படிக்கக் கல்லூரி இருக்கும் ஊருக்குப் போக வேண்டும். பெண் பிள்ளையை யார் அனுப்புவார்கள்? பதினோராவதோடு நின்ற பெண்கள் எத்தனையோ பேர். 1978-ல் பி.யு.சி. போய், பிளஸ் ஒன், பிளஸ் டூ பள்ளிக்கூடத்துக்கே வந்தது. கூடவே தொழிற்பிரிவும் வந்தது.

ஒதுக்கப்பட்ட பிரிவு

அந்தத் தொழிற்பிரிவு இன்றும் இருக்கிறது. அடிப்படை இயந்திரவியல், அடிப்படை மின் பொறியியல், மின்னணுப் பொறியியல், கட்டடப் பொறியியல், தானியங்கி ஊர்திப் பொறியியல், நெசவியல் தொழில்நுட்பம் என்று பாடங்கள். புத்தகங்களை அரசாங்கமே போட்டிருக்கிறது. எல்லாப் பள்ளியிலும் எல்லாம் இல்லை.

ஆனால் ஊரில் இதற்கு என்ன பெயர்? "மார்க்கு வராத பிள்ளைங்க படிக்கிறது!" இந்தப் பேச்சால் கெட்டவர்கள் அதிகம். மோட்டாரைக் கண்டால் பிரித்துப் பார்க்கிற பையன் ஒருவன் இருப்பான். அவனைக் கம்ப்யூட்டர் குரூப்பில் உட்கார வைப்பார்கள். அவன் இரண்டு வருஷம் ஜன்னல் வழியாக வெளியே பார்ப்பான்.

தொழிற்பிரிவில் படித்தவர்களுக்கு பி.இ. சேர்க்கையில் தனி ரேங்க் பட்டியல் உண்டு. தனி ஒதுக்கீடு உண்டு. அவர்கள் படித்த தொழிற்பாட மார்க்கும் அதில் சேரும். பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரவும் வழி உண்டு.

பாலிடெக்னிக் என்றாலே சிலருக்கு முகம் சுருங்கும். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாவதுக்குப் பிறகு பிளஸ் டூ இரண்டு வருஷம், பி.இ. நாலு வருஷம். மொத்தம் ஆறு. பத்தாவதுக்குப் பிறகு பாலிடெக்னிக் மூன்று வருஷம். டிப்ளமோ முடித்தவர்கள் பி.இ.யில் நேராக இரண்டாம் வருஷத்தில் சேரலாம். அது மூன்று வருஷம். மொத்தம் ஆறு! ஒரு நாளும் நஷ்டம் இல்லை. வீட்டில் நடுவே ஒரு கஷ்டம் வந்து படிப்பு நின்றாலும், கையில் ஒரு டிப்ளமோ இருக்கும். பிளஸ் டூ மட்டும் முடித்து நின்றவன் கையில் என்ன இருக்கும்?

ஒரு குறை உண்டு. பி.இ. முதல் வருஷக் கணக்கை இவர்கள் தாண்டி வருவதால், இரண்டாம் வருஷத்தில் திணறுவார்கள். முன்கூட்டியே கொஞ்சம் படித்துக்கொள்ள வேண்டும். மதுரையில் தமிழ்நாடு பாலிடெக்னிக், விருதுநகரில் வி.எஸ்.வி.என். பாலிடெக்னிக் என்று எட்டும் தூரத்திலேயே இடங்கள் இருக்கின்றன.

வெயிலுக்கும் வேலை

எல்லோரும் கம்ப்யூட்டருக்கே போக வேண்டுமா? சுற்றிப் பார்த்தால் வேறு சேதியும் தெரிகிறது.

திருச்சுழியைத் தாண்டிப் போனால் கமுதி. மண்ணும் காய்ந்தது, மனிதனும் காய்ந்தான் என்று சொல்லும் பூமி. அங்கே 2016-ல் சூரிய ஒளியில் இருந்து 648 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் வந்தது. ஏறக்குறைய 2,500 ஏக்கர். தொடங்கியபோது ஒரே இடத்தில் இருக்கும் இத்தகைய நிலையங்களில் உலகிலேயே பெரியது என்று பேசப்பட்டது. பயிரைக் கருக்கிய வெயில் கம்பியில் ஓடுகிறது! அதைக் காக்க மின் பொறியாளர் வேண்டும், எலக்ட்ரீஷியன் வேண்டும்.

விருதுநகர் மாவட்டம் இ. குமாரலிங்கபுரத்தில் பெரிய ஜவுளிப் பூங்கா அமைப்பதாக மத்திய அரசாங்கம் 2023-ல் அறிவித்தது. 1,052 ஏக்கர். நெசவியல் படிப்பைக் "பழைய தொழில்" என்று ஒதுக்கிய ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்கலாம். இப்போதைய தறியிலும் உள்ளே கம்ப்யூட்டர்தான் அட்டை வேலையைச் செய்கிறது. துணியும் தெரிந்து, கம்ப்யூட்டரும் தெரிந்தவனுக்குக் கிராக்கி இருக்கும்.

பணத்துக்கு என்ன வழி?

தறியை விற்காதீர்கள். தாலியை அடகு வைக்காதீர்கள். முதலில் இவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு, இஞ்சினீயரிங் சேர்க்கையில் 7.5 சதவீதத் தனி ஒதுக்கீடு 2021-ல் சட்டமாகியது. இதில் இடம் கிடைத்தவர்களுக்குப் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் உட்பட அரசாங்கமே கட்டுகிறது. நல்ல பள்ளி என்று நினைத்து எட்டாவதிலும் ஒன்பதாவதிலும் தனியாருக்கு மாற்றியவர்கள் இதை இழந்துவிடுகிறார்கள். மாற்றுவதற்கு முன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டிய விஷயம் இது.

குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப் படிப்புக்குப் போகிற பிள்ளைக்குக் கட்டணச் சலுகை 2010-ல் வந்தது. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-ல் தொடங்கியது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் தொடங்கியது. பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. படிப்பவர்களுக்கும் இவை உண்டு.

சென்னை ஐ.ஐ.டி. இணையவழியில் நடத்தும் டேட்டா சயன்ஸ் பட்டப் படிப்பு ஒன்றும் இருக்கிறது. 2020-ல் அறிவித்தார்கள். ஐ.ஐ.டி. என்றால் கடுமையான ஜே.இ.இ. நுழைவுத் தேர்வு உண்டு அல்லவா? இதற்கு அது கட்டாயம் இல்லை. முதலில் நாலு வாரப் பாடம் கொடுப்பார்கள். அதைப் படித்து, அதிலேயே தேர்வு எழுதித் தேற வேண்டும். வேறு கல்லூரியில் படித்துக்கொண்டே இதையும் படிக்கலாம். ஏழைப் பிள்ளைகளுக்குக் கட்டணச் சலுகை உண்டு. பாடம் இங்கிலீஷில். உழைப்பு அதிகம். வீட்டில் நெட் வசதியும் வேண்டும்.

"நாங்க ஸீட் வாங்கித் தர்றோம்" என்று வீடு தேடி வரும் தரகர்களும் உண்டு. முன்பு கவுன்சிலிங்குக்குச் சென்னைக்கே போக வேண்டும். 1997-ல் ஒற்றைச் சாளர முறை தொடங்கிய நாள் முதல், கறுப்பு டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறிய தகப்பன்மார் கதை ஆயிரம். அப்போது தரகர் பேச்சுக்கு மயங்கியதில் ஓர் அர்த்தம் இருந்தது. 2018 முதல் எல்லாம் இணையத்தில். அரசாங்க உதவி மையங்களில் இலவசமாகவே பதிந்து கொடுக்கிறார்கள். பிறகு தரகர் எதற்கு?

ஜூன் மாதத்துக்குள்

பிளஸ் ஒன் சேர்க்கை அதிக நாள் காத்திருக்காது. நல்ல பள்ளியில் கணக்குக் குரூப் சீக்கிரம் நிரம்பிவிடும். மாற்றுச் சான்றிதழ், மார்க்குப் பட்டியல், சாதிச் சான்றிதழ் மூன்றும் கையில் இருக்க வேண்டும்.

சேர்ந்த பிறகு பாடம் பொருந்தவில்லை என்றால், பிள்ளை முதல் சில வாரத்திலேயே வீட்டில் சொல்லிவிட வேண்டும். அடுத்த குரூப்பில் இடம் இருந்தால் தலைமை ஆசிரியரைப் பார்த்து மாற்றிக்கொள்ளக் கேட்கலாம். காலாண்டுப் பரீட்சை வந்துவிட்டால் கேட்பதற்கே வாய் வராது. சொன்னால் அய்யா திட்டுவார் என்று பயந்து வாயை மூடிக்கொண்ட பிள்ளைகள்தான் பிளஸ் டூவில் கணக்கில் 40 வாங்கி நிற்கிறார்கள். இரண்டு வாரத்துக்கு ஒரு தடவையாவது, சாப்பாட்டு நேரத்தில், "கணக்கு புரியுதா தாயி?" என்று கேட்க வேண்டும். மார்க்கு எவ்வளவு என்று அல்ல. புரிகிறதா என்று.

முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் இவற்றுக்கு இ-சேவை மையத்தில் மனுப் போட வேண்டும். தாசில்தார் அலுவலகத்தில் இருந்து வர நாளாகும். பிளஸ் டூ முடிவு வந்தபின் ஓடினால் கூட்டத்தில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான். அரைப் பரீட்சை விடுமுறையிலேயே போட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு சேர்த்து வைத்துவிட்டால் கவலை இல்லை.